‘கடகட’ என்னும் ஓசை

மனிதற்கு நோய் வந்தால் அவன் தன் வாயாற் கூறுவன், மருத்துவன் வினாவுவன், நாடி பார்ப்பன், இருவருங்கூடி ஒருவாறு நோயின் இடத்தை அறிவர். மாட்டிற்கு நோய் வரினும் அது தீனியை ஒதுக்கியும் காதைத் தொங்கவிட்டும் தன் துயரை உணர்த்திவிடும். மோட்டார் சைக்கிளுக்கு இவ்வழிகளுள் ஒன்றுமில்லை. அதற்கு உள்ள மொழி ஒன்றே, அஃது ஓசை. அவ்வோசையோ வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதும் இடையறாது ஒலிப்பதாகலின், அதனுள் எது இயல்பு, எது குறை எனப் பிரித்தறிதல் எளிதன்று. அதிலும் வண்டி மெல்ல ஊருங்கால் கிளட்ச் அமைந்த பக்கத்தினின்று எழும் ஓசையைப் பற்றிப் பத்துப் பேரை வினவினால் பத்து விடை கிடைக்கும். அவற்றுள் ஒன்பது செலவு மிகுந்தனவாய் இருக்கும். அவ்வோசையை ஆராயும் முறையை ஒரு சிறு பட்டறையின் வாயிலில் நின்று யாம் கண்டவாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்குக் கிளட்சினால் ஆவது என்னை என்று நகைப்பவர் நகைக்க. எம் கல்லூரிக் கட்டணம் ஆண்டுதோறும் ஒரு மோட்டார் சைக்கிளின் முதுகிலேறியே வருகின்றது. எம் தந்தையார் கருப்பட்டி வாணிகர். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களிற் காய்ச்சுவோரிடம் நேரிற் கொள்முதல் செய்து, வண்டியின் பின்னே இருபுறமும் சிப்பங்களைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக் கடைகளிற் கொண்டுவந்து சேர்ப்பார். வண்டி 14 ஆண்டுப் பழையது. ஒற்றைச் சிலிண்டர் உடையது. அதனைச் செய்தார் பெயரை ஈண்டுக் கூற வேண்டுவதில்லை. தேரிக்காட்டின் செம்மணலில் அது பட்ட பாட்டிற்கு எந்த நிறுவனத்தார் செய்த வண்டியாயினும் முனகியே தீரும்.

ஆனித் திங்கள் கருப்பட்டிக்கு நல்ல பருவம். கல்லூரி திறந்து கட்டணம் செலுத்தும் காலமும் அதுவே. அத்திங்களின் முதல் வாரத்தில் வண்டியின் வலப்புறத்தினின்று ஓர் ஓசை எழத் தொடங்கிற்று. விடியலில் ஊரைவிட்டுப் புறப்படும்போது அஃது இல்லை. திருச்செந்தூர்ச் சாலை வழியே வந்து, பாளையங்கோட்டைக் கடைத்தெருவின் நெரிசலில் மெல்ல ஊரும்போதும், கடைவாயிலில் நின்று எஞ்சின் சும்மா ஓடும்போதும் கேட்டது. சற்று விசை கொடுத்தால் மறைந்தது. தந்தையார் நகரத்துப் பெரிய பட்டறை ஒன்றிற்குச் சென்றார். ஆங்கு ஒருவர் அரை நிமிடம் காதுகொடுத்துக் கேட்டு, கிளட்ச் முழுவதையும் மாற்றல் வேண்டும், கியர்ப் பெட்டியின் பேரிங்குகளையும் மாற்றல் வேண்டும், வண்டி ஐந்து நாள் நிற்கும் என்று கூறி ஒரு தொகையும் எழுதிக் கொடுத்தனர். அத்தொகை எம் ஒரு பருவக் கட்டணத்தை ஏறக்குறைய ஒத்திருந்தது. தந்தையார் அன்றிரவு அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. சீட்டுப் பணம் எடுக்க இன்னும் எத்தனை மாதம் உள்ளது என்று மட்டும் எம் அன்னையாரை வினவினார்.

மறுநாள், எம் வகுப்புத் தோழர் ஒருவர் கூறிய வழியே, பாளையங்கோட்டையில் ஒரு வேப்பமரத்தடியிற் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் தந்தையாரை அழைத்துச் சென்றோம். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்பர். யாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் வண்டியைத் தொடவில்லை. தந்தையாரை நோக்கி, “சத்தம் எப்பம் வருது, எப்பம் நிக்குது? அத மொதல்ல சொல்லுங்க. எம்புட்டுச் சத்தம்ங்கிறத பொறவு பாப்போம்” என்றார். தந்தையார் கூறிய யாவும் கேட்டபின், “கடகடன்னு கேக்கா, கரகரன்னு கேக்கா, கிணுகிணுன்னு கேக்கா?” என்று அடுத்து வினவினார்.

இவ்வினா எம்மைத் திடுக்கிடச் செய்தது. இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வைத்து ஓதினார், நன்னூலாரும் ஓதினார், இசை பற்றியும் குறிப்புப் பற்றியும் பண்பு பற்றியும் அது வரும் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தந்து விளக்கினர். யாமும் அதனைத் தேர்விற்கு எழுதி மதிப்பெண் பெற்றுள்ளோம். ஆயினும் அச்சொற்களைக் கருவியாகக் கையில் ஏந்தி ஒருவர் வேலை செய்வதை அன்றே கண்டோம். அண்ணாச்சிக்கு ஒவ்வோர் இரட்டைக்கிளவியும் ஓர் உறுப்பின் முகவரி. ‘கடகட’ என்றால் இடைவெளி விட்டு நிற்கும் இரு கனத்த பொருள்கள் ஒன்றையொன்று மாறி மாறி மோதுகின்றன. ‘கரகர’ என்றால் பேரிங்கின் குண்டுகளோ அவை ஓடும் பாதையோ தேய்ந்து அரைபடுகின்றன. ‘கிணுகிணு’ என்றால் மெல்லிய தகடோ தளர்ந்த திருகோ அதிர்கின்றது. அதற்கு எஞ்சினைத் திறக்க வேண்டுவதில்லை. ‘சலசல’ என்பது பெரும்பாலும் சங்கிலி. வண்டி நின்ற நிலையினின்று புறப்படும்போது மட்டும் ‘கீச்’ என்றோ, உடல் நடுங்குவதுபோற் குலுங்கியோ சென்றால், கிளட்ச் பிளேட்டுகள் வெந்து வழுவழுப்பாயின அல்லது கோணின என்று கொள்ளலாம். எம் தந்தையார் சிறிது நேரம் சிந்தித்து, ‘கடகட’ என்றார்.

ஈண்டுக் கிளட்சின் அமைப்பைச் சிறிது கூறாது மேற்செல்லின் படிப்போர்க்கு விளங்காது. எஞ்சினின் சுழல்தண்டில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். அப்பெரிய சக்கரத்தின்மேல் ஒரு கூடை பொருந்தியிருக்கும். அதனைப் பட்டறையார் கிளட்ச் ஹவுசிங் என்பர். கூடையின் விளிம்பு விரல்கள்போற் பிளவுபட்டிருக்கும். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகளின் வெளிக்காதுகள் அவ்விரல்களின் இடையே நிற்கும். ஒவ்வோர் உராய்வுப் பிளேட்டிற்கும் இடையில் ஓர் எஃகுத் தகடு. அதன் பற்கள் உட்புறமாக நடுக்குடத்தைப் பற்றும். நடுக்குடமோ கியர்ப் பெட்டியின் தண்டில் இறுக்கப்பட்டுள்ளது. சுருள்வில்கள் தகடுகள் யாவற்றையும் ஒன்றாக அமுக்குங்கால் கூடையும் நடுக்குடமும் ஒன்றாய்ச் சுழலும். கைப்பிடியை அழுத்தினால் கேபிள் இழுபட்டு அமுக்கம் நீங்கும். கூடை எஞ்சினோடு சுழன்றுகொண்டிருக்க, நடுக்குடம் தனித்து நிற்கும். இவை யாவும் எஞ்சின் எண்ணெயிலே மூழ்கிக் கிடக்கின்றன. இன்னும் ஒன்று உண்டு. எம் கதைக்கு அதுவே தலையாயது. பெரிய பற்சக்கரத்திற்கும் கூடைக்கும் இடையே, எஞ்சினின் அடியைத் தாங்கும்பொருட்டுச் சிறு சுருள்வில்களை வைத்திருப்பர். சில வண்டிகளில் அவ்விடத்தே ரப்பர்த் துண்டுகள் இருக்கும்.

எஞ்சின் அடிப்பது எங்ஙனம் எனின், நான்கு வீச்சு எஞ்சினில் ஒற்றைச் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிந்து தள்ளும். நிமிடத்திற்கு 1200 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடினால், நொடிக்கு 10 தள்ளல்களே. ஒவ்வொரு தள்ளலிலும் தண்டு முன்னே பாயும். அடுத்த தள்ளல் வருமுன் தளரும். பாயும்போது சிறு சக்கரத்தின் பல் பெரிய சக்கரத்தின் பல்லை முன்னே தள்ளும். தளரும்போது பெரிய சக்கரம் தன் கனத்தால் முந்திக்கொண்டு திரும்ப மோதும். இவ்விரு மோதலையும் அச்சிறு வில்கள் உண்டு செரிக்க வேண்டும். அவை தளர்ந்தால் செரிமானம் கெடும், ‘கடகட’ வெளிவரும். 4800 சுற்றில் ஓடுங்கால் நொடிக்கு 40 தள்ளல்கள் நெருங்கி வருவதாலும், சுழலும் கனம் வேகத்தைச் சமன் செய்வதாலும், தளர்வதற்கு நேரமில்லை, ஓசை மறையும். குளிர்ந்த எண்ணெய் தடித்திருந்து இடைவெளிகளை மெத்தைபோல் நிரப்பும், சூடேறினால் மெலியும். தந்தையாரின் வண்டி ஊரில் ஊமையாகவும் பாளையங்கோட்டையில் வாயாடியாகவும் இருந்ததன் காரணம் இதுவே. குளிர்ந்த வண்டியின் ஓசையைக் கேட்டு நோய் சொல்லுதல், உறங்குபவனைப் பார்த்து அவன் நொண்டியா என்று கூறுதல் போலும்.

ஆதலால் அண்ணாச்சி முதலிற் செய்தது, வண்டியைத் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து சந்திப்பு வரை ஓட்டிச்சென்று திரும்பி வரச் செய்ததே. எஞ்சின் நன்றாய்ச் சூடேறி வந்ததும் நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிடியை விட்டபடி ஓடவிட்டார். ‘கடகட’ எழுந்தது. கைப்பிடியை அழுத்தினார், ஒரு மூச்சில் அடங்கிற்று. விட்டார், மீண்டது. மூன்று முறை இவ்வாறு செய்தார். கைப்பிடியை அழுத்துங்கால் கியர்ப் பெட்டியின் தண்டும் அதன் சக்கரங்களும் எஞ்சினின் பிடியினின்று நீங்குகின்றன. ஆகவே அழுத்தியவுடன் அடங்கும் ஓசைக்கு இரு காரணங்கள் உள: ஒன்று, கியர்ப் பெட்டித் தண்டின் பேரிங், மற்றொன்று, கூடையின் தளர்ச்சி. கூடையின் பின்னே தொங்கிய கனம் விலகுதலின் அதன் மோதலும் தணிகின்றது. பெரிய பட்டறையார் இவ்விரண்டையும் ஒருங்கே மாற்றச் சொன்னதற்குக் காரணமும் இதுவாகலாம். அவர்களை முற்றும் பழிக்க யாம் விரும்பவில்லை. எனினும் அடுத்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அண்ணாச்சி மெல்ல விசை கொடுத்தார். பேரிங் கெட்டிருப்பின் சுற்று ஏற ஏற அதன் கரகரப்பும் ஏறி முரலும். ஈண்டோ ஓசை குறைந்து மறைந்தது. “பேரிங் இல்ல” என்று கூறிக் கையைத் துடைத்துக்கொண்டார். எம் தந்தையார் அப்பொழுதுதான் அருகிருந்த பலகையில் அமர்ந்தார்.

இதற்கு மாறாக, கைப்பிடியை அழுத்தும்போதே ஓசை பிறக்குமாயின் குற்றம் வேறிடத்தது. அமுக்கத்தை நீக்கும் சிறு பேரிங் அப்போதுதான் சுமை தாங்குகின்றது. அது தேய்ந்திருப்பின் அழுத்தும்பொழுது கத்தும், விட்டால் வாய் மூடும். டுகாட்டி என்னும் இத்தாலிய நிறுவனத்தார் தம் வண்டிகள் பலவற்றில் எண்ணெயில் மூழ்காத உலர்ந்த கிளட்சை வைத்திருந்தனர். அவ்வண்டிகளிற் கைப்பிடியை அழுத்தியவுடன் தளர்ந்த தகடுகள் கூடைக்குள் கலகலவென ஆடும். அஃது அவற்றிற்கு இயல்பு. அதனை விரும்பியே வாங்கினாரும் உளர். ஓரிடத்து நோய் மற்றோரிடத்து அணியாதலை இதனாற் கண்டோம். இனி, 1955இல் சென்னையிற் செய்யத் தொடங்கப்பெற்ற பழைய புல்லட் வண்டிகளிற் சுழல்தண்டையும் கிளட்சையும் இணைப்பது பற்சக்கரமன்று, ஒரு சங்கிலி. அத்தகைய வண்டியாயின் மெல்லோட்டத்துக் கடகடப்பிற்கு முதலில் அச்சங்கிலியின் தளர்ச்சியையே நோக்குதல் வேண்டும். வண்டியின் அமைப்பை அறியாது ஓசையை மட்டும் அறிந்து பயனில்லை.

அண்ணாச்சி அத்துடன் நின்றாரில்லை. நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் கைப்பிடியைத் தம் காதருகே வைத்து, அதன் முனையை எஞ்சினின் பல இடங்களில் ஊன்றிக் கேட்டார். எம்மையும் கேட்கச் செய்தார். சிலிண்டர்த் தலையில் ஊசி தைப்பதுபோன்ற சீரான தட்டொலி. அது வால்வுகளின் இயல்பான பேச்சு. வலப்புற மூடியில், கிளட்சின் நடுவே, ‘கடகட’ காதினுள் இறங்கிற்று. பின்னர் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருட்டச் சொன்னார், ‘சலசல’ கேட்டது. சங்கிலி தளர்ந்திருந்தது, அதனை இறுக்கினார். கிளட்ச் கேபிளின் தளர்ச்சியை நோக்கினார். பெரும்பாலான வண்டிகளிற் கைப்பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆடாவிடின் கிளட்ச் எந்நேரமும் சிறிது விலகியே நின்று பிளேட்டுகள் வழுக்கித் தேயும். அது சரியாக இருந்தது. எண்ணெயை எடுத்து விரலிடைத் தேய்த்தார். எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று வினவினார். மோட்டார்க் கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருத்தலின், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வழுக்கும். இதுபற்றியே ஜப்பானியர் 1998இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென ஜாசோ என்னும் தர அளவை வகுத்தனர், அதனுள் எம்.ஏ. என்று குறித்த வகையே இத்தகைய கிளட்சிற்கு ஏற்றது. எண்ணெயும் சரியாகவே இருந்தது.

சரியல்லாதது ஒன்று வெளியிலேயே அகப்பட்டது. எஞ்சின் சும்மா ஓடும் வேகம் மிகவுங் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. பெட்ரோல் மிச்சப்படும் என்று எண்ணி யாரோ கார்புரேட்டரின் திருகைத் தளர்த்தியிருந்தனர். அவ்வாறு செய்தவர் யார் என்று அண்ணாச்சி வினவவில்லை. எம் தந்தையாரும் வேப்பமரத்தை நோக்கிக்கொண்டிருந்தார். திருகைச் சிறிது இறுக்கியதும் ஓசை பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை.

எஞ்சியது ஒரு வினா. பருவம் முடியும்வரை இந்நிலையிலேயே ஓட்டலாமா என்று தந்தையார் வினவினார். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வாணிகம் நிற்கும். காய்ச்சுவோர் வேறு வாணிகரிடம் கொடுத்துவிடுவர். அண்ணாச்சி உடனே விடை கூறவில்லை. வண்டியில் ஏறி, மூன்றாம் கியரில் விசையை முழுதும் திருகி ஓட்டிப் பார்த்து வந்தார். கிளட்ச் வழுக்கவில்லை; எஞ்சினின் இரைச்சல் ஏறியவளவு வண்டியும் ஏறிற்று. “பிளேட்டு நல்லாத்தான் இருக்கு. ஓடும். ஆனா உள்ள இருக்க ஸ்பிரிங்கு உடைஞ்சு துண்டு எண்ணெயில விழுந்துட்டா, அது கியரத் தேடிப் போவும். அப்பம் அவுக எழுதிக் குடுத்த கணக்கு சரியாயிரும்” என்றார். தந்தையார் சிறிது நேரம் மௌனமாய் இருந்து, “நாளைக்கே தெறந்துருங்க” என்றார்.

மறுநாள் எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, சுருள்வில்களின் திருகுகளை ஒரே முறையில் அவிழ்க்காது எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். ஒருபுறமே தளர்த்தினால் அமுக்கத் தகடு கோணும் என்றார். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு தாளின்மேல் அடுக்கினார். உராய்வுப் பிளேட்டுகளின் கனத்தை அளந்தார். இன்னும் தேய்வதற்கு இடமிருந்தது. எஃகுத் தகடுகளை ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் ஒவ்வொன்றாக வைத்து விளிம்பை விரலால் அழுத்தினார், ஒன்றும் ஆடவில்லை. கூடையின் விரல்களில் பிளேட்டுகளின் காதுகள் குத்திச் சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. பின்னர்ப் பெரிய பற்சக்கரத்தை ஒரு கையாலும் கூடையை மறுகையாலும் பற்றி முன்னும் பின்னும் முறுக்கினார். ‘டக், டக்’ என்றது. எந்த ஓசைக்காக மூன்று வாரம் எம் இல்லத்தில் உறக்கம் குறைந்ததோ, அது அவர் இரு கைகளுக்கிடையே எஞ்சினே இன்றி ஒலித்தது. உள்ளிருந்த சிறு வில்களுள் இரண்டு விரலாற் சுழற்றினாலே சுழன்றன. நல்ல கூடையில் அவை அசையவே கூடாது. ஆகவே கூடை ஒன்றும் மூடியின் பேக்கிங்கும் புதிய எண்ணெயும் வாங்கப்பட்டன. பழைய பிளேட்டுகள் பழைய வரிசையிலேயே உள்ளே சென்றன. கூலியுஞ் சேர்த்து ஆன செலவு, முன்னர் எழுதித் தந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சிறிது குறைவு. மாலையில் தந்தையார் வண்டியில் ஊர் திரும்பினார். எம் கட்டணமும் அவ்வாரமே செலுத்தப்பெற்றது.

அந்த வில்கள் தளர்ந்தது ஏன் என்றும் வினவினோம். பாரம் ஏற்றிய வண்டியை மெல்ல ஓட்டுங்காலும் எரிபொருள் மிச்சத்திற்காக மேல் கியரிலேயே வைத்திருத்தல் பலர் வழக்கம். எஞ்சின் திணறித் திணறி அடிக்கும் ஒவ்வோர் அடியும் அவ்வில்களின்மேலேயே விழுகின்றது. வண்டி உதறத் தொடங்குமுன் ஒரு கியர் இறக்கிவிட்டால் அவை பிழைக்கும். கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊருதல் வேறு வகைக் கேடு. அதனால் வில்கள் கெடா, பிளேட்டுகள் வேகும். இவ்விரண்டையும் தந்தையாரிடம் யாம் கூறினோம். கியர் இறக்குவதை அவர் ஒத்துக்கொண்டார். கடைத்தெருவில் இப்பொழுது அவ்வாறே செய்கின்றார். தேரி மணலிற் சக்கரம் புதையும் அரைக் கிலோமீட்டர் தூரம் மட்டும் கிளட்சைப் பாதி பிடிக்காமல் தம்மால் ஓட்ட இயலாது என்றார். அண்ணாச்சியிடம் இதனைச் சொன்னபோது, அவரும் அவ்விடத்திற்கு வேறு வழி கூறவில்லை.